வார்டில் ஒன்று நடந்துவிட்ட பிறகு: மலை ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் 29 வருடம் நர்ஸாக வேலை பார்த்தேன். அதில் கடைசி ஏழு வருடம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். ஓய்வு பெற்ற பிறகு குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளில் சகபணியாளர் துணைக் குழுக்களைத் தொடங்கிவைக்கப் போய்வருகிறேன். எங்கே போனாலும், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் ஓரமாக வந்து கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பியர் சப்போர்ட்னு சொல்றீங்களே, அது என்ன? கவுன்சிலிங்கா?

இல்லை. வார்டில் ஒரு கேஸ் எதிர்பாராமல் கெட்டுப்போகிறது. ஆள் இறந்துவிடுகிறார், அல்லது மருந்து மாறிப்போகிறது. அந்த டியூட்டியில் இருந்தவர் பக்கத்தில், அதே வேலையைச் செய்கிற இன்னொருவர் போய் உட்கார்ந்து கேட்பதுதான் இது. இதில் சிகிச்சையும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கவுன்சிலருக்கு அதற்கான படிப்பு இருக்கிறது. நமக்கு இருப்பது, ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டு எப்படி இருக்கும் என்ற அனுபவம்.

தற்செயலாக யாராவது ஆறுதல் சொல்வது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. ஆனால் யாருக்கும் தோன்றாத நாளில் அந்த ஆள் தனியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். திட்டம் என்று ஒன்று வேண்டியது அதற்காகத்தான். சம்பவம் நடந்தால் யார் கூப்பிடுவார், எவ்வளவு நேரத்துக்குள், மறுபடி எப்போது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துவிட வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2011 முதல் ‘ரைஸ்’ என்ற பெயரில் இப்படி ஒரு குழு இருக்கிறது. பயிற்சி பெற்ற சக ஊழியர்கள் தாங்களாக முன்வந்து, முறை போட்டு, இரவும் பகலும் அழைப்புக்குத் தயாராக இருக்கிறார்கள்.

தப்பு நடந்தா மட்டும்தானா? என் மேல தப்பே இல்லாத கேஸுக்கும் உண்டா?

உண்டு. தப்பு இருந்ததா இல்லையா என்பது பல கேஸ்களில் வாரக்கணக்கில் தெரியாது. சிலவற்றில் கடைசிவரை தெரியாது. எல்லாம் சரியாகச் செய்தும் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு தாய் இறந்தால், அங்கே நின்றவருக்கு வரும் தூக்கமின்மை தப்பு செய்தவருக்கு வருவதைவிடக் குறைவாக இருப்பதை நான் பார்த்ததில்லை. மருந்து மாறி, நல்லவேளையாக ஒன்றும் ஆகாமல் தப்பித்த கேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “ஒண்ணும் ஆகலையே, விடு” என்று எல்லோரும் சொல்லிவிடுவதால் அவர்கள்தான் பேச வழியில்லாமல் நிற்கிறார்கள்.

செத்தது நோயாளி, அழுவது அவங்க குடும்பம். அப்படி இருக்க, சிஸ்டருக்கும் டாக்டருக்கும் எதுக்கு ஆறுதல்?

இதைக் கோபமாகவே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2000-ல் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் (பி.எம்.ஜே.), பிழை நடந்த பிறகு உடைந்துபோகும் மருத்துவரை ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதினார். அந்தச் சொல் உலகமெங்கும் பரவியது. 2019-ல், சிகிச்சைப் பிழையில் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர்கள் சிலர் சேர்ந்து, அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று அதே இதழில் எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர் என்று தன்னையே சொல்லிக்கொள்கிறவர் பொறுப்பேற்பது எப்படி என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமாகப் பட்டதால் எங்கள் குழுக்களில் அந்தச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. ‘சம்பவத்தில் இருந்தவர்’ என்போம்.

ஆனால் துணை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் காலை அதே சிஸ்டர் இன்னொரு தாய்க்கு ஊசி போடப் போகிறார். கை நடுங்கிக்கொண்டு, தூங்காமல், யாரிடமும் சந்தேகம் கேட்கப் பயந்துகொண்டு போட்டால் அது அந்த இரண்டாவது தாய்க்கு ஆபத்து. தவிர, நடந்ததைக் குடும்பத்திடம் நேராகச் சொல்லும் தைரியமும் தன்னை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தவருக்குத்தான் வருகிறது.

அந்த நேரத்துல ஆளுக்கு என்னதான் ஆகும்?

மிசௌரி பல்கலைக்கழக மருத்துவமனையில் சூசன் ஸ்காட் குழுவினர் இப்படிப்பட்ட 31 பேரிடம் விரிவாகப் பேசி, 2009-ல் ஆறு கட்டங்களாக எழுதினார்கள். முதலில் குழப்பமும் அடுத்தடுத்த அவசர வேலையும். அப்புறம் நடந்ததே திரும்பத் திரும்ப மனதில் ஓடுவது. மூன்றாவது, கூட வேலை செய்பவர்கள் இனி நம்மை நம்புவார்களா என்ற தவிப்பு. நான்காவது விசாரணையைத் தாங்குவது. ஐந்தாவது யாரிடமாவது மனம் விட்டுப் பேசத் தேடுவது. கடைசிக் கட்டத்தில் சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள், சிலர் எப்படியோ ஓட்டுகிறார்கள், சிலர் அதிலிருந்து கற்றுக்கொண்டு தேறுகிறார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம், ஜூலை மழை. இரவு டியூட்டியில் நானும் ஒரு ஆயாவும் மட்டும். அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். ஒருவருக்குப் போட வேண்டிய பென்சிலின் ஊசியை மற்றவருக்குப் போட்டுவிட்டேன். அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, பி.பி. இறங்கிவிட்டது. டாக்டர் ஓடிவந்தார், அட்ரினலின் போட்டோம், விடியும்போது அந்த அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அவர் பிழைத்துக்கொண்டார். நான் அடுத்த மூன்று மாதம் ஒவ்வொரு ஊசிக்கும் பெயரை மூன்று தடவை கேட்டேன். நோயாளிகளே சலித்துக்கொண்டார்கள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன்.

அன்று காலை ஒரு சீனியர் வந்து, “எனக்கெல்லாம் இப்படி ஆனதே இல்லை” என்றார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணன் ஒரு டம்ளர் வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்து, “வீட்ல யாராச்சும் இருக்காங்களாம்மா?” என்று மட்டும் கேட்டார். முதல் பஸ் வரும்வரை ஸ்டாப்பில் கூடவே நின்றார். குடையை முழுக்க என் பக்கம் சாய்த்திருந்ததில் அவருடைய இடது தோள் ஊறிப்போயிருந்தது. பயிற்சி வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் பாதி, அவரிடம் பார்த்தது.

கூப்பிட்டு என்ன பேசறது? எனக்கு ஆறுதல் சொல்லவே வராது.

ஆறுதல் சொல்ல வராதவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கேட்பார்கள், கவலைப்படாதீர்கள். “நேத்து உங்க டியூட்டியில கஷ்டமான கேஸ்னு கேள்விப்பட்டேன். நீங்க எப்படி இருக்கீங்க?” இது போதும். கேஸைப் பற்றிக் கேட்காமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, இன்று இரவு வீட்டில் யார் இருக்கிறார்கள், நாளைக்கு டியூட்டிக்கு வர முடியுமா, யாரிடமாவது பேச வேண்டியிருக்கிறதா. அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும், அவருக்கு இருக்காது.

சில வார்த்தைகள் வேண்டாம். “நானா இருந்தா சீக்கிரமே ரெஃபர் பண்ணியிருப்பேன்” என்பது விசாரணை. “எல்லாம் விதி, அவங்க ஆயுசு அவ்வளவுதான்” என்பது நம் வாயில் தானாக வரும். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்பவருக்கு அது பேச்சை முடித்துவைப்பதாகப் படுகிறது. “உன் மேல தப்பே இல்லை” என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். தப்பு இருந்தது என்று அவருக்கே தெரிந்திருந்தால், அடுத்து உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார். மூன்றாம் நாளும், பத்தாம் நாள் வாக்கிலும் மறுபடி ஒரு போன் போடுங்கள். முதல் நாள் எல்லோரும் வருவார்கள், பத்தாம் நாள் யாரும் வருவதில்லை.

துணையாளரா யாரைப் போடறது? சீனியரா பார்த்துப் போட்டா மரியாதையா இருக்குமே.

மேலிருந்து நியமிக்காதீர்கள். ஒரு சீட்டில் “உங்களுக்கு இப்படி நடந்தால் யாரிடம் பேசுவீர்கள்?” என்று எழுதி, பெயர் போடாமல் எல்லோரிடமும் பதில் வாங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் உங்கள் துணையாளர்கள். ஒரு ஆஸ்பத்திரியில் அப்படி வாங்கியபோது அதிகம் வந்த பெயர் லேப் டெக்னீஷியனுடையது. யாரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மிகச் சரியான ஆள்.

மெமோ கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் துணையாளராக இருக்கக் கூடாது. நான் சூப்பரின்டென்டென்டாக இருந்தவரை இந்த வேலையைச் செய்யவில்லை. டாக்டருக்கு டாக்டர், நர்ஸுக்கு நர்ஸ் கிடைத்தால் நல்லது. குறிப்பாக டாக்டர்கள் வேறு பிரிவினரிடம் எளிதில் வாய் திறப்பதில்லை. மொழியையும் பாருங்கள். பந்தலூர், கூடலூர் பக்கம் பாதி சிஸ்டர்கள் மலையாளத்தில் அழுகிறவர்கள். கோத்தகிரிப் பக்கம் படுகு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழில் டியூட்டி பார்ப்பவர் தமிழில்தான் துக்கப்பட வேண்டும் என்று இல்லை.

எங்க பி.எச்.சி.யில மொத்தமே ஏழு பேர். நடந்தது எல்லாருக்கும் தெரியும். நாங்க யார்கிட்ட போய்ப் பேசறது?

மலையில் இதுதான் நிஜமான சிக்கல். கீழே கோயம்புத்தூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதப்பட்ட திட்டம் இங்கே அப்படியே பொருந்தாது. ஏழு பேரும் சம்பவத்தில் இருந்திருப்பார்கள். டாக்டரின் மனைவியும் சிஸ்டரின் அண்ணியும் ஒரே சுய உதவிக் குழுவில் இருப்பார்கள். மார்க்கெட்டில் கேரட் வாங்கும்போது செய்தி முந்திக்கொண்டு நிற்கும்.

நாங்கள் செய்வது, தாலுகாவை மாற்றிக் கோர்ப்பது. குந்தாவில் நடந்தால் கோத்தகிரியில் இருப்பவர் போன் செய்வார். பந்தலூரில் நடந்தால் குன்னூரிலிருந்து. எஸ்டேட் டிஸ்பென்சரியில் தனியாக இருக்கும் கம்பவுண்டரையும் நர்ஸையும் இதே பட்டியலில் சேர்க்கிறோம். அவர்களைப்போல் தனிமைப்பட்டவர்கள் யாரும் இல்லை. போனை மட்டும் நம்பவும் முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே மழை பிடித்தால் ரோடும் டவரும் சேர்ந்தே போகும். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒருவருக்காவது அடிப்படைப் பயிற்சி இருக்க வேண்டும். அன்று இரவு ஆளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் போதும். மீதியை வெளியூர்க்காரர் மறுநாள் பார்த்துக்கொள்வார்.

108 பைலட், ஆயா, வாட்ச்மேன் இவங்களுக்கும் இதுல இடம் உண்டா?

கட்டாயம். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரைத்தான் பைலட் என்கிறோம்; நோயாளியைப் பார்த்துக்கொண்டு கூட வருபவர் டெக்னீஷியன். கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறும்போதோ, குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போதோ நோயாளி வண்டியிலேயே போய்விட்டால், அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் பைலட்டும் டெக்னீஷியனும் மட்டும்தான். அனுப்பியவர் ஒரு ஆஸ்பத்திரியில், வாங்கிக்கொள்ள வேண்டியவர் இன்னொரு ஆஸ்பத்திரியில். இரண்டு இடத்துப் பட்டியலிலும் இவர்கள் பெயர் இருக்காது. ஒரு இளம் டெக்னீஷியன் என்னிடம் சொன்னார்: கீழே ஒப்படைத்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, இறந்த குழந்தையின் குல்லா ஸ்ட்ரெச்சர் சக்கரத்தடியில் கிடந்ததாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அடுத்த கால் வந்துவிட்டது. அந்தக் குல்லாவை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு வாரம் டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. யாருடைய ஆள் அவர் என்பதே தெளிவாக இல்லாததுதான் காரணம். ரெஃபர் செய்த ஆஸ்பத்திரிதான் கூப்பிட வேண்டும் என்று நாங்கள் இப்போது வைத்திருக்கிறோம். அனுப்பியவர் “வண்டி போய்ச் சேர்ந்ததா?” என்று எப்படியும் கேட்பார். அந்தப் போனிலேயே இதையும் கேட்கலாம்.

சம்பவம் முடிஞ்ச உடனே எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு மனசுல உள்ளதைக் கொட்ட வெச்சா வேலை முடிஞ்சிடாதா?

வேண்டாம். அதிர்ச்சிக்குப் பின் ஒரே தடவை உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. தனி ஆட்களிடம் அப்படிச் செய்த ஆய்வுகளை 2002-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் குழு தொகுத்துப் பார்த்தபோது, பின்னால் வரும் மனக்காய நோயை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. ஒரு ஆய்வில் பேசவைக்கப்பட்டவர்கள் இன்னும் மோசமாக இருந்தார்கள். புண்ணை அன்றைக்கே கிளறுவதற்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவருக்குக் கதவு திறந்திருக்கட்டும்.

எந்த மருந்து தீர்ந்திருந்தது, ரத்தம் ஏன் தாமதமானது என்று குழுவாக உட்கார்ந்து பார்ப்பது வேறு. அது தேவை. அதை வேறு நாளில், வேறு ஆள் நடத்தட்டும்.

நான் அழுதுட்டுச் சொன்னது நாளைக்கு மெமோவுல வந்து நின்னா?

இந்தப் பயம் நியாயமானது. இதற்குப் பதில் இல்லாத திட்டத்தில் யாரும் சேர மாட்டார்கள். தாய்மார் இறப்பு ஆடிட்டில் கலெக்டர் முன்னால் நின்றவர்களுக்கும், 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு வாங்கியவர்களுக்கும் இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: கணவன் மனைவி பேச்சுக்கும் வக்கீலிடம் பேசுவதற்கும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சக ஊழியரிடம் பேசுவதற்கு அப்படிக் கிடையாது. கோர்ட் கூப்பிட்டால் துணையாளர் போய்த்தான் ஆக வேண்டும். அதனால்தான் முன்பே சொன்னேன், கேஸைக் கேட்காமல் ஆளைக் கேளுங்கள் என்று. எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, யார் சொல்லி என்ற பேச்சு வந்தால் மெதுவாக நிறுத்துங்கள்: “அது வேற இடத்துல பேசறது. இப்ப உங்களைப் பத்திப் பேசுவோம்.” நோட்டில் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி கூட வேண்டாம். மாதம் எத்தனை அழைப்பு என்ற எண்ணிக்கை மட்டும் போதும். ஏழு பேர் இருக்கும் இடத்தில் தேதி போட்டாலே ஆள் தெரிந்துவிடும், ஆகவே தேதியும் வேண்டாம். துணையாளர் அந்தக் கேஸின் விசாரணைக் குழுவில் எக்காரணத்தாலும் இருக்கக் கூடாது.

போலீஸ் கேஸ் ஆயிட்டா? அப்பவும் பேசலாமா?

பேசலாம், ஆனால் முதலில் வக்கீல். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவர் மேல் குற்ற வழக்கு என்றால் கவனக்குறைவு மிக மோசமானதாக இருக்க வேண்டும், முதலில் வேறு ஒரு தகுதியான மருத்துவரின் கருத்தை வாங்க வேண்டும், வழக்கம்போல எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில், கவனக்குறைவால் மரணம் என்றால் ஐந்து வருடம் வரை தண்டனை. சிகிச்சையின்போது நடந்து, பதிவு பெற்ற மருத்துவராக இருந்தால் இரண்டு வருடம் வரை. இந்தக் குறைந்த வரம்பில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே வருகிறார்கள். நர்ஸ்கள் வரமாட்டார்கள். பல சிஸ்டர்களுக்கு இது தெரியாது. ஆகவே ஆஸ்பத்திரி டாக்டருக்கு வைக்கும் வக்கீல் உங்களுக்காகவும் பேசுவாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

என்கிட்ட பேசினவர் “இருந்து என்ன பிரயோஜனம்”னு சொல்றார். நான் என்ன செய்யணும்?

சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்காமல் விட்டதற்காக வருந்துகிறவர்களைத்தான் நான் அறிவேன். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரிச் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஆட்களுக்கு எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியும் என்பதை மறக்காதீர்கள். தமிழ்நாட்டின் 104 உதவி எண், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரண்டிலும் தமிழில் பேசலாம். ரகசியம் காப்பேன் என்று முன்னால் சொல்லியிருந்தாலும், உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வாக்கு நிற்காது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

மிசௌரி குழு மூன்று படிகளாகப் பிரித்தது. சுமார் 60 சதவீதத்தினருக்கு வார்டில் கூட இருப்பவர்களின் அனுசரணை போதும், 30 சதவீதத்தினருக்குப் பயிற்சி பெற்ற துணையாளர் வேண்டும், 10 சதவீதத்தினருக்கு மனநல மருத்துவரோ வேறு நிபுணரோ வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பத்தில் ஒருவரை நாமே தாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் படிக்குப் போக வேண்டிய டாக்டரின் பெயரும் நம்பரும் இல்லாமல் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

நிஜமாவே அலட்சியமா இருந்த ஆளுக்கும் துணையா நிக்கணுமா? எனக்கே கோபமா வருது.

கோபம் இருந்தால் நீங்கள் போகாதீர்கள், வேறு துணையாளரை அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் போக வேண்டும். துணை நிற்பது என்றால் அவர் செய்ததை ஒப்புக்கொள்வது என்று பொருள் கிடையாது. விசாரணை அதன் வழியில் நடக்கும், தண்டனை வந்தால் வரும். அந்த நாட்களிலும் அவர் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், நடந்ததை உள்ளபடி சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ‘அலட்சியம்’ என்று முதல் நாள் சொல்லப்பட்ட கேஸ்களில், 48 படுக்கைக்கு ஒரே நர்ஸ் என்பது இரண்டாம் வாரம்தான் வெளியே வருகிறது. துணைக் குழு வைத்துவிட்டோம் என்று சொல்லி, ஆள் போடாமல் இருக்கும் நிர்வாகத்தையும் பார்த்திருக்கிறேன். துணைக் குழு காலியிடத்தை நிரப்பாது. அதை எழுத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இறந்தவங்க வீடு எங்க தெருவுலயே இருக்கு. துக்கத்துக்குப் போகலாமா?

இதைக் கேட்டவர் ஒரு கிராம சுகாதார செவிலியர். இறந்த பெண்ணுக்கு வளைகாப்புக்கு வளையல் போட்டவர். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும், போனால் அந்தப் பெண்ணின் அம்மா தன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள் என்று இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

வழக்கு, மிரட்டல், கூட்டம் என்று ஏதாவது இருந்தால் அந்த நாளில் போகாதீர்கள். ஆஸ்பத்திரி சார்பில் குடும்பத்திடம் பேசுவதற்கென்று பொறுப்பான ஒருவர் முதலில் போய், நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு, வீட்டாருக்குச் சம்மதமா என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் கேட்டுவிட்டு, தனியாகப் போகாமல் துணையாளரோடு போகலாம். சிகிச்சையைப் பற்றி விளக்கம் சொல்லவோ, நம் மனபாரத்தை அங்கே இறக்கிவைக்கவோ போகக் கூடாது. அந்தச் செவிலியர் பதினாறாம் நாள் கழித்து, கோத்தகிரியிலிருந்து வந்த துணையாளரோடு போனார். அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்து, “இதுக்கு ஊசி எப்ப?” என்று கேட்டார். ஒன்றரை மாதத்தில் போட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதிக்கு இவரே போய்ப் போட்டார்.